ஈரம் பட்டால் தெரியும் எண்கள்

என் கணவர் வயிற்றில் ஒரு குழாயோடு மூன்று வருடம் உயிரோடு இருந்தார். இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகங்களைத் தின்றுவிட்ட பிறகு, வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய டயாலிசிஸ் முறையை ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை. வயிற்றுக்குள் இருக்கும் பழைய தண்ணீரைத் தரையில் கிடக்கும் காலிப் பைக்குள் வடித்துவிட்டு, சுவர்க் கொக்கியில் மாட்டிய புதுப் பையிலிருந்து இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரை உள்ளே இறக்க வேண்டும். மாதம் ஒருமுறை லோரியில் பெட்டி பெட்டியாகப் பைகள் வந்து இறங்கும். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லயன் வீட்டின் முன்னறையில் ஜன்னல் உயரத்துக்கு அட்டைப் பெட்டிகள் நிற்கும். பார்க்க வருகிறவர்கள் பெட்டி மேலேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள்.

வடிந்த தண்ணீரை நிறுத்துப் பார்த்து எவ்வளவு என்று ஒரு புத்தகத்தில் எழுதச் சொல்லியிருந்தார் ஆஸ்பத்திரி மிஸி. நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். இவருக்கு எழுந்து போய்ப் புத்தகத்தை எடுக்க அலுப்பு. கறுப்பு மார்க்கரால் பையின் மேலேயே எழுதிவிடுவார். 2100. 1950. 2270. சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து அதைப் பார்த்துப் புத்தகத்தில் ஏற்றுவேன். அவருடைய ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு இருக்கும். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலையை ஏற்றும் லோரியை இருபது வருடம் ஓட்டியவர். எடைச் சீட்டில் ஏழை ஒன்று என்று யாரும் படித்துவிடக் கூடாது என்று அப்போது பழகிய கோடு அது.

எங்கள் தோட்டம் பகாவ் பட்டணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம். ரப்பர்ப் பால்மரம் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. லயத்தில் தமிழ்க் குடும்பம் என்று எண்ணினால் நாலு வீடு. மற்ற வீடுகளில் நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் இருந்தார்கள். குப்பை லோரி தோட்டத்துக்குள் வராது. அவரவர் குப்பையை அவரவர் வீட்டின் பின்னால் குழி வெட்டி எரித்துக்கொள்வோம். முதல் ஒரு வருடம் அந்தப் பைகளையும் நான் எரித்தேன். ஒரு நாளைக்கு எட்டுப் பை சேரும். மூன்று நாளுக்கு ஒருமுறை தீ வைப்பேன். சுருண்டு, கறுப்பாக உருகி, கண்ணை எரிக்கிற புகை வரும். குழி எங்கள் படுக்கை அறை ஜன்னலுக்கு நேர் பின்னால் இருந்தது. அவர் உள்ளே படுத்திருப்பார். புகை வந்தால் இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்துவார். ஒரு தடவைகூட என்னைக் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய பால் ஸ்டோரில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரு காலத்தில் தோட்டத்து ரப்பர்ப் பாலைக் கொண்டுவந்து ஊற்றிய பெரிய கொட்டகை அது. பூட்டிக் கிடந்ததை ராசா பட்டணத்திலிருந்து வந்த ஒரு அம்மா வாடகைக்கு எடுத்தார். கல்லூரியில் ரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். மேடம் என்றுதான் கூப்பிடுவோம். ஜிப்சம் மாவில் அரைத்த பிளாஸ்டிக் கழிவைக் கலந்து, கூரைக்கு அடியில் பொருத்துகிற பலகை செய்வது அவருடைய திட்டம். நாங்கள் சிலிங் என்று சொல்வோம். பிளாஸ்டிக் கலந்தால் பலகையின் எடை குறையும், ஆணி அடித்தால் விரியாது, எறியப்பட வேண்டிய குப்பைக்கும் ஓர் இடம் கிடைக்கும் என்றார். வேலைக்கு நானும் ஓர் இந்தோனேசியப் பெண்ணும். போத்தல் மூடி, ஐஸ்கிரீம் டப்பா, சவர்க்காரப் போத்தல் என்று பொறுக்குகிறவர்கள் கொண்டுவந்து கொட்டுவார்கள். நாங்கள் பிரித்து, கழுவி, காயவைத்து, அரிசி அளவுக்கு அரைப்போம். ஜிப்சம் மாவும் தண்ணீரும் சேர்த்துக் கலக்கி, அதில் இதைத் தூவி, அச்சில் ஊற்றுவோம்.

ஊற்றிய கொஞ்ச நேரத்தில் ஜிப்சம் இறுகும். இறுகும்போது தானாகவே சூடாகும். முதல் நாள் தெரியாமல் பலகை மேல் உள்ளங்கையை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தேன். காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டது போல இருந்தது.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, வீட்டில் சேரும் டயாலிசிஸ் பைகளைப் பற்றி மேடமிடம் சொன்னேன். சுத்தமான பிளாஸ்டிக், ஒரே மாதிரி, மாதம் மாதம் வருகிறது. கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். கொண்டுவரச் சொன்னார். மறுநாள் ஒரு பையைக் கழுவி எடுத்துப் போனேன். அவர் ஒரு செம்புக் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, பையைத் தொட்டு, மறுபடி தீயில் காட்டினார். தீ பச்சையாக எரிந்தது.

"இது பி.வி.சி," என்றார். "மேலே சுத்தி வாற கவரைக் கொண்டு வாங்கோ, அது நல்லது. இந்தப் பை வேண்டாம். இதை அரைக்கிறதும் இல்லை, கலக்கிறதும் இல்லை."

"ஏன் மேடம்?"

"இதிலே குளோரின் இருக்கு. வீட்டிலே நெருப்புப் பிடிச்சா இதிலேர்ந்து வாற புகை நெஞ்சை அரிச்சுப்போடும். சிலிங்கிலே இதை வைக்க ஏலாது." பிறகு கேட்டார், "இப்ப இதை என்ன செய்யிறீங்கள்?"

"பொதைக்கிறோம்" என்றேன்.

அன்றிலிருந்து எரிப்பதை நிறுத்தினேன். வீட்டில் காரணம் சொல்லவில்லை. ஒரு வருடமாக அவருடைய ஜன்னலுக்குக் கீழே நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பைகளைக் கழுவி, மடித்து, சாக்கில் கட்டிக் குளியலறைக்குப் பக்கத்தில் அடுக்கினேன். சாக்குகள் பெருகின.

அவருக்கு அந்தச் சாக்குகள் மேல் ஒரு கண் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் கேட்டார்.

"அதெல்லாம் எங்க போவும்?"

"எங்கயும் போவாது. மேடம் வேணாம்னுட்டாங்க."

"ஒரு மூட்டையில எத்தன நாளு இருக்கும்?"

"ஒரு பதினஞ்சு நாளு இருக்கும்."

அவர் சாக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானு லோரி ஓட்டுனேன், சம்பாரிச்சேன், எல்லாம் போச்சு. இந்த ரெண்டு வருசமா நா செஞ்ச வேலை இது ஒண்ணுதான். நாலு தடவ ஊத்து, நாலு தடவ எறக்கு. அதுவும் குழிக்குள்ளதான் போவணுமா? எங்கியாச்சும் நிக்கட்டுமேலா."

அவர் எதையும் வேண்டும் என்று கேட்கிற ஆள் இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

எங்கள் படுக்கை அறைக்கு அப்போது சிலிங் கிடையாது. பழைய பலகை உளுத்து விழுந்துவிட்டது. தகரத்தின் சூடு நேராக முகத்தில் இறங்கும். நோயாளி படுக்கிற அறை, வீட்டுக்குத் தேவையான பலகையைச் செய்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார். ஒரே ஒரு கோரிக்கைதான் வைத்தார். ஒரு வருடம் சாயம் அடிக்கக் கூடாது. எங்கே விரிசல் விடுகிறது, எப்படி ஈரம் இழுக்கிறது என்று அவருக்குப் பார்க்க வேண்டும். முதலில் பலகை வாங்கிய எல்லோரிடமும் அதைத்தான் கேட்டிருந்தார்.

ஸ்டோர்ச் சாவி ஒன்று என்னிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் போனேன். பை மிருதுவானது, அரைக்கும் இயந்திரத்தில் போட்டால் சுற்றிக்கொள்ளும். ஆகவே கத்தரிக்கோலால் நகம் அளவுக்கு வெட்டினேன். விரல் கொப்புளித்தது. ஐந்து ஞாயிறு. அறைக்குப் பதினாறு பலகை தேவைப்பட்டது, பதினாறும் செய்தேன். கடைசி ஞாயிறன்று அரை வாளித் துண்டு மிஞ்சியது. குளியலறைக்கு இரண்டு பலகை செய்யலாம் என்று நினைத்து, வாளியைச் சாக்குப் போட்டு மூடி மூலையில் வைத்தேன்.

மேடம் சொன்னதை மறந்துவிட்டுச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் எப்படித் தீப் பிடிக்கும் என்று நினைத்தேன். எங்கள் வீடு, எங்கள் கூரை, யாருக்கு என்ன என்று நினைத்தேன்.

லயத்தில் இருந்த நேப்பாளிப் பிள்ளைகள் இருவர் பலகையைத் தூக்கிப் பிடிக்க, அவர் கட்டிலில் உட்கார்ந்து இங்கே, அங்கே என்று கை காட்ட, ஒரே நாளில் அடித்து முடித்தோம். அன்றே அவரிடம் உண்மையைச் சொன்னேன். பலகைக்குள் இருப்பது அவருடைய பைகள் என்று. அவர் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையாக, ஒன்றும் இல்லாமல் இருந்தது.

அடுத்த வாரம் மழை பெய்தது. தகரத்தில் ஓர் ஓட்டை இருந்திருக்கிறது. தண்ணீர் ஒழுகி நடுவில் இரண்டு பலகை நனைந்தன. ஜிப்சம் நனைந்தால் சாம்பல் நிறமாகிவிடும். பிளாஸ்டிக் துண்டுகள் நனையாது. அந்தச் சாம்பலுக்குள் மீன் செதில் மாதிரித் துண்டு துண்டாக அவை வெளியே தெரிந்தன. சில துண்டுகளில் கறுப்பாக ஏதோ இருந்தது. நான் நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். ஒரு பூஜ்யம். பாதி இரண்டு. குறுக்குக்கோடு போட்ட ஒரு ஏழு.

"என்னா அது?" என்றார்.

"ஒங்க எழுத்து."

அவர் சிரித்தார். வயிற்றில் தண்ணீர் இருந்ததால் குலுங்கிச் சிரிக்க முடியாது. மூச்சை விட்டு விட்டுச் சிரித்தார். "அழிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்றார். பலகை காய்ந்ததும் எழுத்து மறைந்துவிட்டது. நான் தகரத்து ஓட்டையை அடைத்தேன்.

அந்தச் சிலிங்குக்குக் கீழே அவர் நாலு மாதம் படுத்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஸ்டோருக்குப் போன் வந்தது. "தண்ணி கலங்கலா வருது" என்றார். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. அப்படி வந்தால் உள்ளே கிருமி இறங்கிவிட்டது என்று அர்த்தம். போட்டது போட்டபடி ஓடினேன். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். ஆறாவது நாள் காலையில் மிஸி என்னை வெளியே போய் ஏதாவது குடித்துவிட்டு வரச் சொன்னார். மைலோ வாங்கிக்கொண்டு திரும்பியபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

பதினாறாம் நாள் முடிந்துதான் வேலைக்குப் போனேன். மூலையில் வாளி இல்லை. குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. இந்தோனேசியப் பெண்ணிடம் கேட்டேன். அன்றைக்கு நான் பாதியில் ஓடிப்போனதால், நான் கலக்கி வைத்த மாவு வீணாகிவிடக் கூடாதே என்று, மூடி வைத்திருந்த துண்டுகளையும் சேர்த்துப் போட்டு ஊற்றிவிட்டதாகச் சொன்னாள். எனக்கு உதவி செய்ததாக நினைத்திருந்தாள். அந்தப் பலகைகள் எங்கே என்றேன். கெமாஸ் என்ற ஊரில் ஒரு பாலர் பள்ளிக்கு லோரியில் போய்விட்டன என்றாள்.

அன்று மேடம் பக்கத்து மேசையில்தான் இருந்தார். எழுந்து பத்து அடி நடந்தால் சொல்லியிருக்கலாம். புருசன் செத்து ஒரு மாதம் ஆகாதவளை யாரும் கடிந்து பேசியிருக்க மாட்டார்கள். நான் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு, ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. ஏழு மாதம் அப்படியே போனது.

அந்த ஏழு மாதமும் அந்த அறையில்தான் படுத்தேன். மதியத்தில் தகரம் காயும்போது மேலிருந்து ஒரு வாசனை இறங்கும். புதுப் பையைப் பிரிக்கும்போது வருமே, அந்த வாசனை. விடுமுறை நாளில் கண்ணை மூடிப் படுத்திருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பையைப் பிரித்துக்கொண்டிருப்பது போலவே இருக்கும். தண்ணீர் வடிகிற சத்தத்துக்காகக் காத்திருப்பேன். கண்ணைத் திறந்தால் வெள்ளைப் பலகை. சில ஞாயிறுகளில், எனக்கே வெட்கமாக இருக்கிறது சொல்ல, நாற்காலி மேல் ஏறி ஈரத்துணியால் சிலிங்கைத் துடைத்திருக்கிறேன். துடைத்த இடத்தில் அவருடைய எண்கள் எழும்பி வரும். பார்த்துக்கொண்டே நிற்பேன். காய்ந்து மறைந்ததும் இறங்குவேன். அப்போதெல்லாம் பாலர் பள்ளியின் நினைப்பும் கூடவே வரும். அங்கே பிள்ளைகள் மதியத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். அவர்கள் தலைக்கு மேலே இவருடைய துண்டுகள் இருக்கும்.

பள்ளி விடுமுறைச் சமயத்தில், கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் என் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். பெண் குழந்தை, ஐந்து மாதம். அந்த அறை உத்தரத்தில் சாரோங் தொட்டில் கட்டிப் போட்டோம். ஒரு மதியம் நான் சமையல்கட்டில் இருந்தேன். மகள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மூக்கில் முதலில் பட்டது எனக்குத்தான். வெறும் ஒயர் தீய்கிற வாசனை இல்லை அது. கண்ணை எரிக்கிற, தொண்டையைப் பிடிக்கிற, பின்பக்கக் குழியில் ஒரு வருடம் நான் கிளப்பிய அதே புகை.

அறைக்குள் ஓடினேன். காற்றாடி மாட்டிய இடத்தில் ஒயர் பொறிந்து, பலகை கையகலத்துக்குக் கறுத்து, அங்கிருந்து புகை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தீ இல்லை. ஜிப்சம் தீயை விடவில்லை. புகைதான். குழந்தையைத் தொட்டிலோடு வாரி எடுத்தேன். மகள் ஓடிவந்து வாங்கிக்கொண்டு வெளியே போனாள். நான் மெயின் சுவிட்சை அணைத்தேன். குழந்தை வாசலில் இருமியது. சின்னச் சின்ன இருமல். பகாவ் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

"என்னாம்மா அது, அப்படி நாறுது?" என்று மகள் திரும்பி வரும்போது கேட்டாள்.

"ஒயர்தான்" என்றேன்.

மறுநாள் காலை மேடம் வருவதற்கு முன்னாலேயே ஸ்டோர் வாசலில் போய் நின்றேன். அவர் காரை நிறுத்தி இறங்கியதும், நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். எரித்தது, வெட்டியது, பதினாறு பலகை, ஈரம் பட்டால் தெரியும் அவருடைய எண்கள், அரை வாளி, கெமாஸ், நேற்றுப் புகை. அவர் முழுவதும் கேட்டார். கைப்பையைக் கார் மேல் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தனை மாசம் தெரியும் உங்களுக்கு, கெமாஸ் விஷயம்?"

"ஏழு மாசம்."

"நான் தினமும் இங்கேதானே இருந்தனான்."

"ஆமா மேடம்."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "ஏணியை எடுத்து வண்டியிலே போடுங்கோ" என்றார். "ஒரு வாளியும் துணியும் எடுங்கோ."

கெமாஸுக்குப் போகிற வழி முழுக்கச் செம்பனைதான். ரயில் பாலத்தைத் தாண்டும்போது நான் கேட்டேன். "மேடம், அந்த ஒரு வருசம் நான் எரிச்சேனே. அவரு உள்ளதான் படுத்திருந்தாரு. அதனாலதான் போனாரா?"

"அவருக்கு வந்தது வயித்துக் கிருமி. டாக்டர் சொன்னவர்தானே."

"அது இல்ல மேடம். ஒடம்பு தாங்காம போனதுக்கு அது காரணமா?"

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "இல்லை எண்டு சொன்னா உங்களுக்கு நல்லாயிருக்கும். எனக்குத் தெரியாது. தெரியாது எண்டதுதான் உண்மை."

பாலர் பள்ளி ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. விடுமுறை என்பதால் பிள்ளைகள் இல்லை. நடத்துகிற ஆசிரியை மட்டும் இருந்தார், தமிழர், முப்பது வயது இருக்கும். மேடம் அவரிடம் மறைக்கவில்லை. எங்கள் பலகைகளில் சிலவற்றில் இருக்கக் கூடாத பிளாஸ்டிக் கலந்துவிட்டது, எது என்று கண்டுபிடித்துக் கழற்ற வந்திருக்கிறோம், செலவு எங்களுடையது என்றார். ஆசிரியையின் முகம் மாறியது.

"பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆயிருக்குமா?"

"சும்மா இருக்கும்போது ஒண்டும் செய்யாது. தீப் பிடிச்சாத்தான் ஆபத்து. அதுக்கு முன்னாலே எடுக்கத்தான் வந்தனாங்கள்."

"யாரு கலந்தது?"

மேடம் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "நான்தான் டீச்சர்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மேசைகளை ஓரமாக இழுத்துப் போட்டு, எனக்காக ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

மேலே எல்லாப் பலகையும் ஒரே மாதிரி வெள்ளை. சாயம் அடிக்கவில்லை. வாளியில் துணியை நனைத்துப் பிழிந்து, மூலையிலிருந்து ஒவ்வொரு பலகையாகத் துடைத்துக்கொண்டு வந்தேன். துடைப்பேன், காத்திருப்பேன். சாம்பல் நிறம் பரவும். அரிசி அரிசியாகச் சிவப்பும் நீலமும் தெரியும். போத்தல் மூடி. நல்ல பலகை. ஏணியை நகர்த்துவோம். சுவரெல்லாம் அ, ஆ என்று அட்டை ஒட்டியிருந்தது. பிள்ளைகள் உள்ளங்கையைச் சாயத்தில் தோய்த்துப் பதித்த தாள்கள் வரிசையாகத் தொங்கின. கழுத்து விறைத்துப்போனது. வீட்டில் அந்த எண்களைப் பார்ப்பதற்காகவே சிலிங்கைத் துடைத்தவள் நான். இங்கே ஒவ்வொரு பலகைக்கும், வந்துவிடக் கூடாது, வந்துவிடக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே துடைத்தேன்.

பதினொன்றாவது பலகையில் செதில்கள் வந்தன. அதற்கு அடுத்ததிலும். மேடம் கீழேயிருந்து பென்சிலை நீட்டி, குறி போடச் சொன்னார். குறி போட்டேன். குறி போட்டதில் நாலாவது பலகையில் விளிம்புக்குப் பக்கத்தில் ஓர் ஏழு, குறுக்குக்கோட்டோடு, முழுசாக இருந்தது. பக்கத்துப் பலகையில் அரைப் பூஜ்யம்.

"என்ன, நிக்கிறீங்கள்?" என்றார் மேடம்.

"ஒண்ணுமில்ல மேடம்."

ஆசிரியையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எழுத்து மாதிரி இருக்கே?" என்றார். மேடம்தான் சொன்னார், "ஓம். இவரின்ர கணவர்ர எழுத்து." அந்த ஆசிரியை உள்ளே போய் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஐந்து பலகைகளில் இருந்தது. அன்றே கழற்றி, இரண்டு நாளில் புதிதாகப் போட்டுக் கொடுத்தோம். மீதிப் பலகைகளையும் அந்த வருடம் முடிவதற்குள் மேடம் மாற்றிவிட்டார். தேவையில்லைதான். இருந்தாலும் அந்த ஆசிரியை இனி நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றார்.

என் வீட்டு அறையையும் அந்த வாரமே பிரித்தோம். மேடமே வந்தார். ஆணியைப் பிடுங்குவதற்கு முன்னால், "கொஞ்ச நேரம் தனிய இருக்க வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பலகைகள் சுலபமாக வந்துவிடும் என்று நினைத்தோம். வரவில்லை. ஜிப்சம் உடைந்தாலும் உள்ளே இருந்த பை விடாமல் பிடித்துக்கொண்டு தொங்கியது. ஒவ்வொன்றையும் கத்தியால் அறுத்து இறக்க வேண்டியிருந்தது. அறுத்தது நான்தான். நல்ல பலகை அது என்று மேடம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு நான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்து, பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அவற்றையும் வீட்டில் மிஞ்சிக் கிடந்த சாக்குகளையும் எரிக்கவும் முடியாது, மறுபடி அரைக்கவும் முடியாது. இப்படிப்பட்ட கழிவை எடுக்க உரிமம் உள்ள ஓர் இடத்துக்கு மேடம் சொல்லி அனுப்பினார். லோரி வந்தபோது நான் ஸ்டோருக்கு வெளியே வரவில்லை. உள்ளே நின்று மூடிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். உடைந்த பலகைகளை எறிகிற சத்தம் கேட்டது. கிளம்புகிற சத்தமும் கேட்டது.

வேலையை விட்டு என்னை நிறுத்தவில்லை. சாவியை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார்.

மகளுக்குப் போனில் சொன்னேன். ஒயர் இல்லை, நான் செய்தது என்று.

"அப்போ பாப்பா தலைக்கு மேல அதுதான் இருந்துச்சா?"

"ஆமா."

"தெரிஞ்சேதான் தொட்டில் கட்டுனியா?"

"கட்டும்போது நெனைக்கல. நெனைச்சிருக்கணும்."

போனை வைத்துவிட்டாள். ஒரு மாதத்துக்கு மேல் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் மருமகன் எடுத்து, அவள் குளிக்கிறாள் என்பார், தூங்குகிறாள் என்பார். நான் முன்னறையில் பாய் போட்டுப் படுக்கத் தொடங்கியிருந்தேன். அட்டைப் பெட்டிகள் இருந்த இடம் இப்போது காலியாக இருந்தது. உள்ளறைக்குப் புதுப் பலகை போட்டுத் தருகிறேன் என்று மேடம் இரண்டு முறை சொன்னார். அப்புறம் பார்க்கலாம் என்றேன். அந்த அறையில் இப்போது அண்ணாந்து பார்த்தால் தகரமும் சட்டமும்தான் தெரியும். மழை பெய்தால் சத்தம் காதை அடைக்கும்.

ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் மகள் வந்து இறங்கினாள். பகாவ் பஸ் நிலையத்திலிருந்து டாக்சி பிடித்து வந்திருந்தாள். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சமையல்கட்டுக்குப் போய் அரிசி கழுவினாள். உள்ளறைக் கதவைத் திறந்து மேலே பார்த்துவிட்டு, மறுபடி சாத்தினாள். சாப்பிட்டோம். வெயில் கடுமையாக இருந்தது.

"வேர்க்குதும்மா. குளிச்சிட்டு வரேன், இவள பாத்துக்க" என்று குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. குழந்தை என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கனத்திருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி வெளியே வந்தேன். அவள் அம்மா குளித்து முடித்து வருகிறவரைக்கும் நான் வீட்டுக்குள் போகவில்லை. குழந்தையின் தலைக்குச் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு, மேலே கூரை எதுவும் இல்லாத வெயிலிலேயே நின்றேன்.